டர்போ காருக்கு எத்தனால்: சாப் 9-5 பயோபவர், ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரே கார், ஒரே இன்ஜின். பெட்ரோல் ஊற்றி ஓட்டினால் 150 குதிரைத்திறன், 240 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. இ85 ஊற்றி ஓட்டினால் 180 குதிரைத்திறன், 280 நியூட்டன் மீட்டர். 2005-இல் ஸ்வீடனில் விற்பனைக்கு வந்த சாப் 9-5 2.0டி பயோபவர் காருக்கு, அந்நாட்டுக் கார் நிறுவனமான சாப் கொடுத்த எண்கள் இவை. நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொடப் பெட்ரோலில் 9.8 விநாடி, இ85-இல் 8.5 விநாடி.

இ85 என்பது 85 பங்கு எத்தனாலும் 15 பங்கு பெட்ரோலும் சேர்ந்த கலவை. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் 21 சொச்சம்தான். ஆற்றல் குறைந்த எரிபொருள் எப்படிக் கூடுதல் வலுவைத் தருகிறது? பந்தயக் கார்களில் ஊற்றுகிறார்கள், ஆகவே அது வலுவான சரக்கு என்று பலர் இந்தக் கேள்விக்குத் தாங்களே விடை சொல்லிக்கொள்கிறார்கள். அந்த விடையை நம்பி, எரிபொருளைப் பீய்ச்சும் பெரிய இன்ஜெக்டர் நான்கையும் ஒரு மென்பொருளையும் வாங்கி மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்த ஒருவரின் காரை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அதுவும் சாப் 9-5 தான். பெட்ரோலுக்காகச் செய்யப்பட்ட பழைய கார். தொழிற்சாலை செய்த மாற்றத்தையும் அந்த உரிமையாளர் தானே செய்த மாற்றத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இந்த ஆய்வு.

காற்றின் கணக்கு

இன்ஜினின் வலுவை முடிவு செய்வது அது இழுக்கும் காற்று. ஒரு கிலோ காற்றோடு முழுமையாக எரிய எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்பது அந்தந்த எரிபொருளின் வேதியியல். பெட்ரோலில் 14.7 கிலோ காற்றுக்கு ஒரு கிலோ. தூய எத்தனாலில் 9 கிலோ காற்றுக்கு ஒரு கிலோ. இ85-க்கு அது 9.8 அளவில் வரும். எத்தனால் மூலக்கூறு தனக்குள்ளேயே ஆக்சிஜனைச் சுமந்துகொண்டு வருவதால் அதற்குக் காற்று குறைவாகப் போதும்.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள். ஒரு கிலோ பெட்ரோலின் 43 மெகாஜூலை 14.7-ஆல் வகுத்தால், ஒரு கிலோ காற்றுக்குக் கிடைக்கும் வெப்பம் 2.9 மெகாஜூல். ஒரு கிலோ எத்தனாலின் 26.8 மெகாஜூலை 9-ஆல் வகுத்தால் 3.0 மெகாஜூல். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்! ஆக, ஒரு மூச்சுக் காற்றுக்கு இரண்டு எரிபொருளும் ஏறத்தாழ ஒரே வெப்பத்தைக் கொடுக்கின்றன. எத்தனால் அதற்குக் கூடுதல் அளவில் செலவாகிறது, அவ்வளவே. டர்போ இல்லாத சாதாரண இன்ஜினில் இ85 ஊற்றினால் பெரிய வித்தியாசம் தெரியாததற்கு இதுவே காரணம்.

டர்போ, அதாவது வெளியேறும் புகையின் விசையில் சுழன்று காற்றை இன்ஜினுக்குள் அழுத்தித் தள்ளும் கருவி, வந்ததும் கதை மாறுகிறது. டர்போ இன்ஜினில் காற்றை எவ்வளவு வேண்டுமானாலும் திணிக்கலாம். திணிக்க விடாமல் கையைப் பிடிப்பது நாக்கிங். அழுத்தி நிரப்பிய காற்று சூடாகிறது. அதில் கலந்த பெட்ரோல், சுடர் போய்ச் சேரும் முன்பே மூலையில் தானாகப் பற்றிக்கொண்டு பிஸ்டனைச் சுத்தியலால் அடிப்பதுபோல் அடிக்கிறது. அதைத் தவிர்க்க இன்ஜினின் கணினி பொறி விழும் நேரத்தைத் தள்ளிப்போடுகிறது, டர்போ அழுத்தத்தைக் குறைக்கிறது, குளிர்விப்பதற்கென்றே கூடுதலாகப் பெட்ரோலை ஊற்றுகிறது. மூன்றுமே நஷ்டம்.

எத்தனால் இந்த இடத்தில் இரண்டு வழிகளில் கைகொடுக்கிறது. முதலாவது, அது இயல்பிலேயே எளிதில் தானாகப் பற்றாது. அந்த இயல்பைக் காட்டும் ஆக்டேன் எண் அதற்கு 108 அளவில் இருக்கிறது. இரண்டாவது, அது ஆவியாகும்போது ஏராளமான வெப்பத்தை உறிஞ்சுகிறது. ஒரு கிலோ பெட்ரோல் ஆவியாக 350 கிலோஜூல் போதும் என்றால், எத்தனாலுக்கு 900 அளவில் வேண்டும். அதோடு, அதே காற்றுக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் எத்தனால் ஊற்றுகிறோம். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரு கிலோ காற்றிலிருந்து பெட்ரோல் எடுக்கும் வெப்பம் 24 கிலோஜூல். எத்தனால் எடுப்பது 100. நான்கு மடங்கு. கையில் கொஞ்சம் சானிடைசரைத் தேய்த்தவுடன் உள்ளங்கை சில்லிடுகிறதே, அதே காரியம் இன்ஜினின் காற்றுப் பாதையில் நடக்கிறது.

ஆகவே எத்தனால் தானாக வலுவைத் தருவதில்லை. டர்போ ஏற்கெனவே தரத் தயாராக இருந்ததை வாங்கிக்கொள்ள அது இடம் கொடுக்கிறது. சாப் பொறியாளர்கள் அந்த இடத்தைப் பயன்படுத்திப் பொறியை முன்கூட்டி வைத்தார்கள், டர்போ அழுத்தத்தை ஏற்றினார்கள். 30 குதிரைத்திறன் கிடைத்தது. 1970-களின் இறுதியிலிருந்தே டர்போ கார்களைத் தொழிற்சாலையிலிருந்து விற்றுவந்த நிறுவனம் அது. எத்தனாலின் இயல்புக்கு டர்போதான் சரியான ஜோடி என்று அவர்களுக்குத் தெரிந்திருந்ததில் வியப்பில்லை.

எவ்வளவு ஊற்ற வேண்டும்

இனி விஷயம் எரிபொருள் பாதைக்கு வருகிறது. என்னைப் பொறுத்தவரை மாற்றத்தின் முக்கால் பங்கு வேலை இங்கேதான் இருக்கிறது.

ஒரே அளவு காற்றுக்குப் பெட்ரோலைவிட இ85 எடையில் ஒன்றரை மடங்கு வேண்டும். இ85 சற்று அடர்த்தியானது என்பதால் கன அளவில் 1.4 மடங்கு. வலுவும் 150-இலிருந்து 180-க்கு ஏறுகிறது என்றால் அது இன்னும் கூடும். தோராயமாகப் போட்டுப் பார்ப்போம். 180 குதிரைத்திறன் என்பது 132 கிலோவாட். எரிபொருளின் ஆற்றலில் 30 சதவீதம் சக்கரத்துக்குப் போகும் வேலையாக மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு 440 கிலோஜூல் எரிக்க வேண்டும். இ85-இல் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,170 மில்லிலிட்டர். பெட்ரோலில் 150 குதிரைத்திறனுக்கு, குளிர்விக்க ஊற்றும் கூடுதலையும் சேர்த்து 28 சதவீதத் திறன் என்று கொண்டால், நிமிடத்துக்கு 740 மில்லிலிட்டர் போதும். வித்தியாசம் 58 சதவீதம்.

நான்கு இன்ஜெக்டருக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 290 மில்லிலிட்டர் பீய்ச்ச வேண்டும். இன்ஜெக்டர் ஓயாமல் திறந்தே இருக்கக் கூடாது. திறந்து மூட அதற்கு நேரம் வேண்டும். நிமிடத்துக்கு 5,500 சுழற்சியில் ஒரு சிலிண்டரின் முழுச் சுற்றுக்குக் கிடைப்பது 21.8 மில்லிவிநாடி மட்டுமே. அதில் 85 சதவீதத்துக்கு மேல் திறந்திருக்க விடாமல் பார்த்துக்கொள்வது வழக்கம். அப்படியானால் 340 மில்லிலிட்டர் அளவுள்ள இன்ஜெக்டர் வேண்டும். பெட்ரோலுக்கு 220 போதுமாயிருந்தது.

இன்ஜெக்டரை மாற்றாமல் எரிபொருளின் அழுத்தத்தை ஏற்றிச் சமாளிக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பீய்ச்சும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்துக் கூடுகிறது. 1.4 மடங்கு வேண்டுமானால் அழுத்தத்தை இரட்டிப்பாக்க வேண்டும். 3 பார் இருந்த இடத்தில் 6 பார். அந்த அழுத்தத்தில் சாதாரண மின்பம்ப் தள்ளும் அளவு பாதாளத்துக்குப் போய்விடும். அது வழியில்லை.

பம்ப் என்றதும் டர்போ காருக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். இன்ஜெக்டரின் வாய் திறப்பது காற்றுக் குழாய்க்குள். அங்கே டர்போ 0.8 பார் அழுத்தம் கொடுக்கிறது என்றால், எரிபொருளின் அழுத்தமும் அதே 0.8 பார் ஏறினால்தான் வித்தியாசம் 3 பாராக நிலைக்கும். அழுத்தச் சீராக்கி இதைத் தானே செய்துவிடும், ஆனால் சுமை பம்பின் தலையில். இன்ஜின் அதிகம் கேட்கும் அதே கணத்தில்தான் பம்ப் அதிக அழுத்தத்தை எதிர்த்துத் தள்ள வேண்டியிருக்கிறது. பெட்ரோலில் போதுமாயிருந்த பம்ப் இ85-இல் திணறுவது பெரும்பாலும் இந்தக் கணத்தில்தான்; சாதாரண ஓட்டத்தில் ஒரு குறையும் தெரியாது.

தொடும் இடமெல்லாம்

பயோபவரில் இன்ஜினுக்குள் மாறியவை கொஞ்சம்தான்: கூடுதல் உறுதியுள்ள வால்வுகளும் வால்வு சீட்டுகளும். தொட்டி, பம்ப், குழாய்கள், இணைப்புகள் ஆகியவை எத்தனாலைத் தாங்கும் பொருட்களால் ஆனவை. பிறகு கணினியின் மென்பொருள். படிக்கும்போது சாதாரணமாகத் தெரியும் இந்தப் பட்டியலில், வீட்டில் மாற்றுபவர்கள் விட்டுவிடுவது தொட்டியிலிருந்து இணைப்பு வரையுள்ள நடுப்பகுதியை.

எத்தனால் பெட்ரோலைப் போன்ற சாதுவான திரவம் அன்று. பழைய வகை ரப்பர் அதில் ஊறி வீங்கும், மெழுகுபோல் பிசுபிசுக்கும். புளோரோ ரப்பர், டெஃப்லான், தகுந்த வகை நைலான், துருப்பிடிக்காத எஃகு ஆகியவை தாங்கும். எத்தனால் மின்சாரத்தையும் ஓரளவு கடத்தும், பெட்ரோல் கடத்தாது. பெட்ரோலுக்குள் மூழ்கிக் கிடக்கும் பம்பின் மின்முனைகள் ஆண்டுக்கணக்கில் ஒன்றும் ஆகாமல் இருக்கும். அதே முனைகள் ஈரம் கலந்த எத்தனாலில் மெல்ல மெல்ல அரிக்கப்படும். இரண்டு வேறு உலோகங்கள் தொடும் இடமாக இருந்தால் இன்னும் வேகமாக.

அலுமினியத்தில் ஒரு விசித்திரம் உண்டு. தண்ணீர் சேர்ந்தால் அரிப்பு என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் சொட்டு ஈரமும் இல்லாத, மிகச் சூடான எத்தனால் அலுமினியத்தை நேரடியாகத் தின்கிறது. மிகச் சிறு அளவு தண்ணீர் இருந்தால் அந்த வினை அடங்கிவிடுகிறது. அதிக ஈரமும் ஆகாது, முழு வறட்சியும் ஆகாது என்னும் இந்தக் குறுகிய பாதையில் பொருட்களைத் தேர்வு செய்வது விளையாட்டான வேலை இல்லை.

வால்வு சீட்டுகளுக்குக் காரணம் வேறு. பெட்ரோல் எரியும்போது உண்டாகும் மெல்லிய கரிப்படிவு, வால்வு வந்து உட்காரும் இடத்தில் ஒரு மெத்தைபோல உதவுகிறது. எத்தனால் சுத்தமாக எரிகிறது. மெத்தை இல்லை, உலோகம் உலோகத்தில் மோதுகிறது. பழைய பெட்ரோல் இன்ஜினை மாற்றுபவர் ஓர் இரவில் இதைக் கண்டுபிடிக்க மாட்டார், பல்லாயிரம் கிலோமீட்டர் கழித்துத்தான் தெரியும்.

தொட்டியில் என்ன இருக்கிறது

பயோபவர் காரில் பெட்ரோலும் ஊற்றலாம், இ85-உம் ஊற்றலாம், இரண்டையும் எந்த அளவிலும் கலக்கலாம். அப்படியானால் தொட்டியில் இப்போது என்ன கலவை இருக்கிறது என்று கணினிக்குத் தெரிய வேண்டும். இதற்குப் பலர் பயன்படுத்துவது எரிபொருள் குழாயில் செருகும் ஒரு சென்சார். எத்தனாலின் மின்கடவா மாறிலி (மின்புலத்தில் ஒரு பொருள் மின்னூட்டத்தைத் தேக்க உதவும் அளவு) 24 அளவிலும் பெட்ரோலின் அளவு 2 ஒட்டியும் இருப்பதால், இரண்டு தகடுகளுக்கு நடுவே எரிபொருளை ஓடவிட்டால் கலவை தெரிந்துவிடும். பரவலாகக் கிடைக்கும் சென்சார், எத்தனால் இல்லையென்றால் 50 ஹெர்ட்ஸ், முழுக்க எத்தனால் என்றால் 150 ஹெர்ட்ஸ் என்று அதிர்வெண்ணாகச் சொல்லும். 135 ஹெர்ட்ஸ் வந்தால் 85 சதவீதம். இவ்வளவு நேர்த்தியான மொழியில் பேசும் கருவி காரில் அதிகம் இல்லை.

சாப் இந்தச் சென்சாரைப் போடவில்லை. புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்க, புகைக்குழாயில் ஏற்கெனவே இருந்த லாம்டா சென்சாரையே நம்பியது. தொட்டியின் மட்டம் சட்டென்று உயர்ந்தால், புதிதாக எரிபொருள் ஊற்றியிருக்கிறார்கள் என்று ட்ரையோனிக் எனப்படும் சாப் இன்ஜின் கணினி புரிந்துகொள்ளும். பிறகு வரும் புகையில் ஆக்சிஜன் மிஞ்சுகிறதா, எவ்வளவு கூடுதலாக ஊற்றினால் சரியாகிறது என்று பார்த்து, அதிலிருந்து எத்தனாலின் பங்கைக் கணிக்கும். கூடுதல் உதிரிபாகம் எதுவும் வேண்டாத அழகான வழி.

அழகான வழிக்கும் ஒரு பலவீனம் உண்டு. காற்றுக் குழாயில் எங்கோ கசிவு இருந்தாலும் புகையில் ஆக்சிஜன் மிஞ்சும். பம்ப் தளர்ந்தாலும் மிஞ்சும். எரிபொருள் ஊற்றிய உடனே அப்படி ஒரு கோளாறு வந்தால், அது எத்தனாலா கசிவா என்று புகையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. பெட்ரோலை எத்தனால் என்று தவறாக நினைத்துப் பொறியை முன்னே தள்ளினால் நாக்கிங் வரும். சாப் நிம்மதியாக இருக்க முடிந்ததற்குக் காரணம், நாக்கிங்கைக் கேட்க அதனிடம் இன்னொரு காது இருந்தது: ஸ்பார்க் பிளக். பொறி விழுந்து முடிந்ததும் அதே பிளக்கின் முனைகளில் சிறு மின்னழுத்தம் வைத்து, எரியும் வாயுவில் ஓடும் அயனி மின்னோட்டத்தைக் கணினி அளக்கிறது. எந்தச் சிலிண்டரில் எந்தக் கணத்தில் தட்டியது என்று அதில் தெரிந்துவிடும். இந்த ஏற்பாடு இல்லாத காரில் சென்சார் இல்லாமல் கலவையைக் கணிப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஸ்வீடனின் குளிர்

தூய எத்தனால் 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பற்றக்கூடிய அளவுக்கு ஆவியாவதில்லை. பெட்ரோலுக்கு அந்த எல்லை உறைநிலைக்கு 40 டிகிரி கீழே. இ85-இல் இருக்கும் 15 சதவீதப் பெட்ரோலின் முதல் வேலை இன்ஜினைக் கிளப்பிவிடுவதுதான். ஸ்வீடனில் குளிர்காலக் கலவையில் எத்தனாலை 75 சதவீத அளவுக்கு இறக்கிவிடுகிறார்கள். பெயர்ப்பலகையில் மட்டும் இ85 என்றே இருக்கும். கடுங்குளிரில் அதுவும் போதாமல், இரவு முழுவதும் இன்ஜின் தொகுதியைச் சூடாக வைத்திருக்கும் மின்சூடாக்கியைச் செருகி வைக்கிறார்கள். வீட்டு வாகன நிறுத்தங்களில் அதற்கென்றே மின்கம்பங்கள் நிற்கும்.

பிரேசிலில் இதே சிக்கலுக்கு வேறு தீர்வு கண்டார்கள். எத்தனால் கார்களில் குளிரில் இன்ஜினைக் கிளப்புவதற்கு மட்டும் ஒரு குட்டிப் பெட்ரோல் தொட்டி. 2009-இல் வந்த ஃபோக்ஸ்வாகன் போலோ இ-ஃப்ளெக்ஸ் காரில் எரிபொருளை முன்கூட்டிச் சூடாக்கி அந்தக் குட்டித் தொட்டியை ஒழித்தார்கள்.

குளிரில் கிளப்ப அளவுக்கு மேல் ஊற்ற வேண்டியிருப்பதால், எரியாத எத்தனால் சிலிண்டர் சுவரில் வழிந்து இன்ஜின் எண்ணெயில் கலக்கும். கடைக்குப் போய்த் திரும்பும் குறுகிய ஓட்டமே வழக்கம் என்றால் எண்ணெயைச் சீக்கிரம் மாற்றிவிட வேண்டும்.

பணம்

ஆற்றல் கணக்குப்படி, ஒரு லிட்டர் பெட்ரோலில் போகும் தூரத்தில் 71 சதவீதம்தான் ஒரு லிட்டர் இ85-இல் போக முடியும். பெட்ரோல் நிலையத்தில் இ85-இன் விலை பெட்ரோல் விலையில் 71 சதவீதத்துக்கு மேலே போனால் ஓட்டுநருக்கு நஷ்டம். ஸ்வீடனில் 2006 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டம், பெரிய பெட்ரோல் நிலையங்கள் புதுப்பிக்கத்தக்க எரிபொருள் ஒன்றையாவது விற்றாக வேண்டும் என்றது. அமைப்பதற்கு மலிவானது எத்தனால் என்பதால் நாடெங்கும் இ85 குழாய்கள் முளைத்தன. ஸ்டாக்ஹோம் நகரின் நெரிசல் கட்டணத்திலிருந்தும் இத்தகைய கார்களுக்குச் சில ஆண்டுகள் விலக்கு இருந்தது. 2008-இன் இறுதியில் கச்சா எண்ணெய் விலை விழுந்தபோது மக்கள் அதே கார்களில் பெட்ரோலை ஊற்றத் தொடங்கிவிட்டார்கள். இரண்டையும் குடிக்கும் காரில் அந்தச் சுதந்திரம் உண்டு.

நம் ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோலின் நினைவு வரும். அதே கணக்கை அதற்கும் போடலாம்: கலப்பில்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் லிட்டருக்கு 7 சதவீதம் ஆற்றல் குறைவு. மைலேஜ் குறைகிறது என்ற புகாரில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. 2024 மார்ச்சில் இந்தியன் ஆயில் நிறுவனம் ஐந்து மாநிலங்களில் 183 நிலையங்களில் எத்தனால் 100 எரிபொருளை அறிமுகப்படுத்தியது. தமிழ்நாடும் அவற்றில் ஒன்று. அது அதற்கென்றே செய்யப்பட்ட வண்டிகளுக்கானது. நம் சாலைகளில் ஓடும் புதிய டர்போ பெட்ரோல் கார்களில் பல, எரிபொருளை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சுபவை. அவற்றின் உயர் அழுத்தப் பம்பை இயக்குவது இன்ஜினோடு சுழலும் கேம் என்னும் மேடுள்ள தண்டு. ஒரு தள்ளுக்கு இவ்வளவுதான் என்று அதன் கொள்ளளவு நிலையானது. இன்ஜெக்டரை மாற்றுவதால் மட்டும் அங்கே காரியம் நடக்காது. தயவுசெய்து அந்தக் கார்களில் சோதனை செய்யாதீர்கள்.

கொட்டகைக்கு வந்த கார்

ஸ்வீடனில் நான் வேலை பார்த்த ஆண்டுகளில் ஒரு பிப்ரவரி மாதம், நண்பர் ஒருவரின் கொட்டகையில் அந்த 9-5 நின்றது. உரிமையாளர் பெரிய இன்ஜெக்டர்களைப் போட்டு, இ85-க்கான மென்பொருளை ஏற்றியிருந்தார். நகருக்குள் நன்றாக ஓடுகிறது. நெடுஞ்சாலையில் மூன்றாவது கியரில் முழுதாக மிதித்தால், 4,500 சுழற்சிக்கு மேல் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் தளர்கிறது. மென்பொருளை மூன்று முறை திருத்தி வாங்கியும் சரியாகவில்லை.

முதலில் எரிபொருளையே சோதித்தோம். அளவுக் குழாயில் 50 மில்லிலிட்டர் தண்ணீர், அதன்மேல் தொட்டியிலிருந்து எடுத்த எரிபொருள் 50 மில்லிலிட்டர். மூடிக் குலுக்கி வைத்தால் எத்தனால் முழுவதும் தண்ணீரோடு போய்ச் சேரும். பெட்ரோல் மேலே தனியாக மிதக்கும். சிறிது நேரத்தில் கலங்கல் தெளிந்து, கோடு 87-இல் நின்றது. ஐம்பதில் 37 எத்தனால், அதாவது 74 சதவீதம். குளிர்காலக் கலவை. எரிபொருளில் குற்றமில்லை.

அடுத்து, இன்ஜெக்டர்களுக்கு எரிபொருள் தரும் குழாயில் அழுத்தமானியைக் கட்டி, முகப்புக் கண்ணாடியில் தெரியும்படி வைத்து ஓட்டினோம். டர்போ 0.8 பார் கொடுக்கும்போது முள் 3.8-ஐக் காட்ட வேண்டும். 4,000 வரை காட்டியது. பிறகு நடுங்கிக்கொண்டே இறங்கி, 5,000-இல் 3.2-க்கு வந்துவிட்டது. வித்தியாசம் 3 பார் இருக்க வேண்டிய இடத்தில் 2.4. வர்க்கமூலம் எடுத்தால் எரிபொருள் 11 சதவீதம் குறைவு. லாம்டா என்பது முழுமையாக எரியத் தேவையான காற்றோடு ஒப்பிட்டு இருக்கும் காற்றின் அளவு; எண் கூடினால் எரிபொருள் குறைவு. லாம்டா 0.85-இல் இருக்க வேண்டிய இன்ஜின் 0.95-இல் ஓடிக்கொண்டிருந்தது. புகைக்குழாயில் தற்காலிகமாகச் செருகிய, அகன்ற வீச்சில் அளக்கும் லாம்டா மானியும் அதையே சொன்னது. பெட்ரோலாக இருந்திருந்தால் அந்த நிலையில் பிஸ்டன் தப்பியிருக்காது. எத்தனாலின் பொறுமைதான் அந்த இன்ஜினைக் காப்பாற்றி வைத்திருந்தது.

பம்பின் மின் இணைப்பில் மல்டிமீட்டரை வைத்தோம். பேட்டரியில் 13.8 வோல்ட், பம்பில் 11.6. பழைய மெல்லிய கம்பியும், பச்சை பூத்த ஓர் இணைப்பும் 2.2 வோல்ட்டைத் தின்றிருந்தன. வோல்ட் குறைந்தால் பம்பின் வேகம் குறையும். வேகம் குறைந்தால் அதிக அழுத்தத்தில் அது தள்ளும் அளவு சரிந்துவிடும்.

வடிகட்டியைக் கழற்றி அறுத்துப் பார்த்தோம். மடிப்புத் தாள்களுக்கிடையே காப்பிக் கசடுபோல் கரும்பழுப்பு வண்டல். பெட்ரோல் தொட்டியில் பல ஆண்டுகளாக ஒட்டிக் கிடந்த படிவை எத்தனால் கழுவிக்கொண்டு வந்து அங்கே சேர்த்திருந்தது. மாற்றத்துக்குப் பிறகு வரும் முதல் சில தொட்டிகளில் இது நடந்தே தீரும். வடிகட்டியை முதலில் ஒருமுறை, ஆயிரம் கிலோமீட்டருக்குள் மீண்டும் ஒருமுறை மாற்றிவிட வேண்டும்.

கடைசியாகப் பம்பை வெளியே எடுத்தபோதுதான் உண்மையான அபாயம் தெரிந்தது. தொட்டிக்குள் பம்பையும் மேல்மூடியையும் இணைக்கும் ஒரு சாண் ரப்பர் குழாய். உதிரிபாகக் கடையில் எரிபொருள் குழாய் என்று கேட்டு வாங்கிப் போட்டது. உள்ளே எரிபொருள் ஓடுவதற்கு மட்டும் தகுதியான குழாய் அது. வெளிப்புறமும் எரிபொருளில் மூழ்கிக் கிடப்பதற்கு வேறு வகை வேண்டும். விரலால் தொட்டேன். தோல் கறுத்துப்போய்க் கையோடு வந்தது. கவ்வியிருந்த இடத்தில் மயிரிழை வெடிப்பு. அழுத்தம் ஏறும்போதெல்லாம் எரிபொருளின் ஒரு பகுதி இன்ஜினுக்குப் போகாமல் தொட்டிக்குள்ளேயே பீய்ச்சிக்கொண்டிருந்தது.

மூழ்கி இருக்கத் தகுந்த குழாய் போட்டோம். எத்தனாலுக்கு ஏற்ற, கூடுதல் கொள்ளளவுள்ள பம்ப். பேட்டரியிலிருந்து நேரே தடித்த கம்பி, நடுவில் ஃபியூஸும் ரிலேயும். பழைய கம்பி அந்த ரிலேயை இயக்க மட்டும். புது வடிகட்டி. மூடியின் ஓ-ரிங்குகள் எல்லாம் புளோரோ ரப்பர். மென்பொருளில் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை.

மறுபடி அதே சாலை, அதே மூன்றாவது கியர். பம்பில் 13.4 வோல்ட். முள் 3.8-க்கு ஏறியது, 4,500-ஐத் தாண்டி, 5,000-ஐத் தாண்டி, கியரை மாற்றும் வரை அங்கேயே நின்றது. காரின் உரிமையாளர் பின்னிருக்கையில் உட்கார்ந்து அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.